வலி முட்டியில், நோய் இடுப்பில்

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை செய்கிறோம். 7 வயது மகன் மூன்று மாதமாக நொண்டுகிறான். கேட்டால் முட்டி வலிக்கிறது என்கிறான். சேலத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, பெர்த்தஸ் என்ற இடுப்பு மூட்டு நோய் என்றார்கள். டாக்டர் முன்னால் நன்றாகவே நடக்கிறான். சாயங்காலம் வீட்டில் வலது பக்கமாகச் சாய்கிறான். கம்ப்யூட்டர் வைத்து நடையை அளக்க வெளியூர் போக வேண்டுமா?

பதில்: "நேரா நடடா" என்று மட்டும் அவனைத் திட்டாதீர்கள், அம்மா. அது கெட்ட பழக்கம் இல்லை. வலிக்கிற மூட்டைக் காப்பாற்ற அவன் உடம்பே கண்டுபிடித்த வழி.

பெர்த்தஸில் தொடை எலும்பின் உருண்டைத் தலைக்கு ரத்த ஓட்டம் தடைபட்டு, அந்த எலும்பு வலுவிழக்கும். திரும்ப வளர்ந்து தேற சில வருடங்கள் ஆகும். இடுப்புக்கும் முட்டிக்கும் நரம்பு ஒன்றே என்பதால் வலி முட்டியில் தெரிகிறது. சுளுக்கு என்று நினைத்து வழித்துவிடக் கூட்டிப் போகாதீர்கள்.

நடக்கும்போது ஒவ்வொரு எட்டிலும் ஒரு கணம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். அப்போது இடுப்பு சரியாமல் வெளிப்பக்கத் தசை இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுப்பும் சேர்ந்து, மூட்டின் மேல் உடல் எடையைப் போல இரண்டரை, மூன்று மடங்கு சுமை விழும். 20 கிலோ பையனுக்கு 50, 60 கிலோ! உடம்பை நோயுள்ள பக்கமே சாய்த்தால் எடை மூட்டுக்கு அருகே வந்து, தசைக்கு வேலை குறைகிறது, சுமையும் குறைகிறது. சில பிள்ளைகள் சாய மாட்டார்கள். நோயுள்ள காலில் நிற்கும்போது எதிர்ப்பக்க இடுப்பு கீழே இறங்கும். டிரெண்டலன்பெர்க் என்ற ஜெர்மன் டாக்டர் 1895இல் விவரித்த அடையாளம் இது. இதில் சுமை குறைவதில்லை. அதனால்தான் உங்கள் மகன் எந்த விதமாக நடக்கிறான் என்பது டாக்டருக்கு முக்கியம்.

அவர் அறையில் பார்ப்பது பத்து எட்டு, அதுவும் பயந்த பிள்ளையின் நடை. களைத்துப் போன சாயங்கால நடையை நீங்கள்தான் காட்ட முடியும். செல்போனில் வீடியோ எடுங்கள். அரைக்கால் சட்டை மட்டும், வெறுங்கால். போனை அவன் இடுப்பு உயரத்தில் பிடித்து, முன்னால், பின்னால், பக்கவாட்டில் எடுங்கள். லைன் வீட்டு வாசலில் வேண்டாம். மலைச் சரிவில் நல்ல பிள்ளையும் சாய்ந்துதான் நடக்கும். பள்ளிக்கூடத் தாழ்வாரம் போல மட்டமான இடம் பாருங்கள். எடுப்பதை அவனிடம் சொல்லாமலிருந்தால் இன்னும் நல்லது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாதம் ஒரு முறை எடுத்து வைத்தால், முன்னேற்றமா பின்னடைவா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

உடம்பில் ஒளி பிரதிபலிக்கும் மணிகளை ஒட்டி, கேமராக்களும் தரையில் எடைத் தட்டும் வைத்து அளக்கும் ஆய்வகம் நல்லதுதான். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் அது தேவையில்லை. அறுவை சிகிச்சை பற்றி முடிவெடுப்பதில் சிக்கல் இருந்தால் டாக்டரே சொல்வார். எலும்புத் தலையின் நிலையை எந்த நடைப் பரிசோதனையும் காட்டாது. சொன்ன தேதியில் எக்ஸ்ரேவுக்குப் போவதைத் தவறவிடாதீர்கள். ஓடலாமா, குதிக்கலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

காய்ச்சலோடு காலை ஊன்றவே மறுத்தால் மட்டும் அது வேறு விஷயம். மூட்டில் சீழ் கட்டியிருக்கலாம். 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே என்று விடியும் வரை காத்திருக்காமல், ராத்திரியே சேலத்துக்கு இறங்கிவிடுங்கள்.