டாக்டர் பதில்கள்: "எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே?"

கேள்வி: எனக்கு வயது 44. ரத்த தானம் செய்யப் போன இடத்தில் பி.பி. 162/100 இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தலைவலி, மயக்கம் எதுவும் எனக்கு வந்ததில்லை. மூன்று மாடி மூச்சு வாங்காமல் ஏறுகிறேன். அன்று அவசரமாக ஓடிப் போனேன். வழியில் காபி வேறு குடித்திருந்தேன். அதனால்தானே கூடியிருக்கும்? மனைவி டாக்டரிடம் போகச் சொல்லி நச்சரிக்கிறாள். மாத்திரை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாதாமே?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் சிரிப்பு வந்தது. உங்களை நினைத்து இல்லை, என்னை நினைத்து. எனக்கு 49 வயதிருக்கும்போது கிளினிக்குக்குப் புது பி.பி. மெஷின் வாங்கினோம். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க நர்ஸுக்கு ஒரு கை தேவைப்பட்டது. நீட்டினேன். 168/104. "மெஷின் கோளாறும்மா, திருப்பி அனுப்பிடுங்க" என்றேன். அவர் பேசாமல் பழைய பாதரசக் கருவியை எடுத்து வந்து கட்டினார். 166/102. தினம் முப்பது பேருக்குப் பி.பி. பார்த்துக்கொண்டிருந்தவன், என் கையில் கட்டிப் பார்த்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. எனக்கும் ஒன்றும் செய்யவில்லை. நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

ரத்தக் குழாய்க்கு வலிக்கத் தெரியாது, அதுதான் சிக்கல். கூடின அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் சுவர் தடித்துப்போகும். சிறுநீரகம், விழித்திரை, மூளையில் உள்ள மெல்லிய குழாய்கள் எல்லாம் சத்தமில்லாமல் கெடும். தலைவலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்களில் பலருக்கு அந்தத் தலைவலி வருவதே இல்லை. பெண்களுக்காவது கர்ப்ப காலத்தில் ஒவ்வொரு தடவையும் பி.பி. பார்த்துவிடுகிறார்கள். ஆண்களுக்கு அப்படி ஒரு சந்தர்ப்பமே கிடையாது, யாராவது ரத்தம் கேட்டாலொழிய!

ஓட்டமும் காபியும் அளவைக் கொஞ்சம் ஏற்றியிருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு தடவை பார்த்ததை வைத்து யாரும் உங்களுக்கு முத்திரை குத்தப் போவதில்லை. மேல்கையில் கட்டுகிற மெஷின் ஒன்று வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். பட்டை உங்கள் கைப் பருமனுக்குப் பொருந்த வேண்டும், சிறிதாக இருந்தால் அளவைக் கூட்டிக் காட்டும். பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகைச் சாய்த்து, கால்மேல் கால் போடாமல், ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். கை, நெஞ்சு உயரத்தில் மேஜைமேல் இருக்கட்டும். பேசக் கூடாது. காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, ஒரு நிமிஷ இடைவெளியில் எடுத்து எழுதிவையுங்கள். ஏழு நாள் பார்த்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்றதற்குச் சராசரி போடுங்கள். வீட்டில் 135/85-ஐத் தொட்டாலே அதிகம்தான். சராசரி எதுவானாலும் அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள். நடுவில் 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் பலவீனம் இருந்தால் தாளும் வேண்டாம், சராசரியும் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

அப்புறம் மாத்திரை பயம். இதற்கு நான் ரூஸ்வெல்ட் கதையைச் சொல்வது வழக்கம். 1944 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதியான அவருக்கு 186/108. எத்தனை பெரிய டாக்டர்கள் சுற்றி இருந்து என்ன? அழுத்தத்தைப் பதமாக இறக்கும் நல்ல மாத்திரை அன்று இல்லை. 1945 ஏப்ரல் 12-ம் தேதி தலை பயங்கரமாக வலிக்கிறது என்றார், சாய்ந்தார். மூளையில் ரத்தக் கசிவு, வயது 63. இன்று சாதாரண ஆளுக்கும் கிடைக்கிற மாத்திரை அவருக்குக் கிடைக்கவில்லை. நீண்ட காலம் சாப்பிட வேண்டியிருக்கலாம் என்பது நிஜம். மாத்திரை உங்களைப் பிடித்துவைப்பதில்லை, நோய்தான் கூடவே இருக்கிறது. எடையும் உப்பும் குடியும் குறைந்ததால் டாக்டர் மாத்திரையைக் குறைத்த ஆட்கள் உண்டு. தானாக நிறுத்திவிட்டு ஸ்ட்ரோக்கோடு வந்தவர்களும் உண்டு.

கேள்வி: என் கணவருக்கு 51 வயது. குறட்டை விடுவார், நடுவில் மூச்சு நின்று திடுக்கென்று விழிப்பார். பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுகிறார். முழங்கால் வலிக்குத் தினமும் மாத்திரை போடுகிறார். பி.பி. பார்க்கக் கூப்பிட்டால் கோபம் வருகிறது. என்ன செய்ய?

பதில்: நீங்கள் சொல்வது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் போல இருக்கிறது. அது உள்ளவர்களில் நிறையப் பேருக்கு பி.பி.யும் இருக்கும். பல வலி மாத்திரைகளும் அழுத்தத்தை ஏற்றும். எந்த மாத்திரை என்று அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவரைக் கூப்பிடாதீர்கள். "எனக்குப் பார்க்கணும், துணைக்கு வாங்க" என்று சொல்லுங்கள், வருவார். உள்ளே வந்தபின் அவர் கையையும் நீட்ட வைப்பது டாக்டர் பாடு.