ஒரு வருடத்தில் ஸ்போர்ட்ஸ் பிசியோ ஆக முடியுமா?

கேள்வி: உசிலம்பட்டியில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். என் மகள் பிளஸ் டூ பயாலஜி முடித்திருக்கிறாள். பள்ளி கபடி அணியில் ஆடியவள். போன வருடம் முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆனது. அதிலிருந்து, விளையாட்டுக்காரர்களுக்கு வைத்தியம் பார்க்கும் பிசியோ ஆவேன் என்று ஒரே பிடிவாதம். தெரிந்த ஒருவர், டெல்லியில் ஒரு வருட ‘ஸ்போர்ட்ஸ் பிசியோ டிப்ளமோ’ இருக்கிறது, முடித்ததும் கபடி லீக்கில் வேலை நிச்சயம் என்று ஒன்றரை லட்சம் கேட்கிறார். சேர்க்கலாமா?

பதில்: சேர்க்க வேண்டாம். மகளின் ஆசை நல்ல ஆசை, வழிதான் தவறு.

துணை மருத்துவப் படிப்புகளுக்கென்று 2021-இல் மத்திய அரசு ஒரு தேசிய ஆணையச் சட்டம் கொண்டுவந்தது. பிசியோதெரபி அதற்குள் வருகிறது. குறைந்தது 3,600 மணி நேரம் படித்த பட்டம் வேண்டும், அது மூன்றிலிருந்து ஆறு வருடங்களில் பரவியிருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஒரு வருடச் சான்றிதழ் இதில் எங்கே பொருந்தும்? இந்தச் சட்டத்தை ஒழுங்காக அமல்படுத்தியிருந்தால் உங்கள் ஆள் இப்படி வந்து பேசியிருக்கவே மாட்டார். அமல்படுத்துங்கள் என்று 2024-இல் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்குக் கெடு விதிக்க வேண்டியிருந்தது. அந்தத் தாமதத்தில் பிழைப்பவர்கள்தான் இந்தத் தரகர்கள்.

சரியான வழி பி.பி.டி. என்கிற பிசியோதெரபி இளநிலைப் பட்டம்: நான்கு வருட வகுப்பு, அப்புறம் பயிற்சிக்காலம். அதன்மேல் இரண்டு வருட முதுநிலைப் படிப்பான எம்.பி.டி.யில்தான் விளையாட்டுப் பிரிவை எடுக்க முடியும். திருச்சியில் அரசு பிசியோதெரபி கல்லூரியே இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் இந்த ஆண்டுச் சேர்க்கைக் கையேட்டை நீங்களே படியுங்கள். விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன, வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

இத்தனை வருடம் எதற்கு என்று கேட்பீர்கள். மைதானத்தில் ஒரு பையன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தால், புது மாணவர் முதலில் தேடுவது ஸ்பிரே. நான் கையைப் பிடித்து நிறுத்துவேன். எப்படி விழுந்தான், ‘டப்’ என்று சத்தம் கேட்டதா, நாலு அடி எடுத்து வைக்க முடிகிறதா? முதலில் இதைக் கேட்க வேண்டும். பிறகு இரண்டு பக்கக் கணுக்கால் எலும்பின் பின்விளிம்பிலும் நுனியிலும், பாதத்தில் இதற்கென்று உள்ள இரண்டு இடங்களிலும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அங்கே வலி இருந்தாலோ, நாலு அடி நடக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். எழுதிப் படித்தால் அரை மணி நேரத்துப் பாடம் இது. ஆனால் கை பழக மாதங்கள் ஆகும்.

முழங்கால் இன்னும் கஷ்டம். முட்டியை இருபது, முப்பது டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடையை அமுக்கி, மறு கையால் கீழ்க்காலை முன்னே இழுப்போம். நல்ல ஜவ்வு ‘டக்’கென்று பிடித்து நிறுத்தும். கிழிந்தது மெத்தென்று நழுவும். நல்ல முழங்கால் நூறையாவது தொட்டுப் பார்த்த பிறகுதான் கெட்டது விரலுக்குத் தெரியும். ஒரு வருடச் சான்றிதழோடு என்னிடம் வேலை கேட்டு வந்த ஒரு பையன், நேராக அடிபட்ட காலைப் பிடித்தான். நல்ல காலை முதலில் பார்க்க வேண்டும் என்பதையே யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. கட்டிய பணம் போனது போனதுதான்.

குறுகிய படிப்பு எல்லாமே மோசடியா என்றால், இல்லை. டேப் ஒட்டுவது, முதலுதவி போன்ற இரண்டு மூன்று நாள் பயிற்சிகள் நல்லவை. ஆனால் யாருக்கு? பி.பி.டி. மூன்றாம் வருடத்தைத் தாண்டியவருக்கு. உடற்கூறு தெரிந்தவர் டேப் ஒட்டினால் அது மூட்டைத் தாங்கும். தெரியாதவர் ஒட்டினால் வெறும் கலர் பிளாஸ்திரி. ஆகவே உங்கள் மகளும் ஒருநாள் அந்த வகுப்புகளுக்குப் போகட்டும், இப்போது அல்ல. நான்காம் வருடத்தில் போனால் போதும். அப்போதும், நடத்துபவர் பட்டம் பெற்ற பிசியோவா என்று கேட்டுவிட்டுப் போகட்டும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு சோதனை சொல்கிறேன். இறுதியாண்டு மாணவி ஒருத்தியைத் தனியாகப் பார்த்து, ‘இந்த வருடம் எத்தனை நோயாளிகளை நீயே தொட்டுப் பரிசோதித்தாய்?’ என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். பதில் உடனே வர வேண்டும். மெஷின்களைக் காட்டி மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள்.

கேட்காத ஒன்றும் சொல்கிறேன். ஆபரேஷன் முடிந்து ஒன்பது மாதம் ஆகாமல், இரண்டு காலின் பலத்தையும் அளந்து ஒப்பிடாமல், மகளைக் கபடிக்கு இறக்காதீர்கள்.

தரகரிடம் ஒரிஜினல் மார்க் ஷீட்டோ டி.சி.யோ கொடுத்திருந்தால் இன்றே போய்க் கேட்டு வாங்குங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் மீதிப் பணத்தைக் கறப்பார்கள்.