ஒரே ஐபோனில் சிங்கும் எக்ஸ்கோடும்: பாட்டெல்லாம் போய்விடுமா?

கேள்வி: என் ஐபோனை இத்தனை நாளாக விண்டோஸ் கணினியில் ஐடியூன்ஸ் வழியாக சிங்க் செய்துவருகிறேன். ஆப் எழுதிப் பழக இப்போது ஒரு மேக் வாங்கியிருக்கிறேன். அதே போனை மேக்கில் செருகினால் பாட்டு, படமெல்லாம் அழிந்துவிடுமா? டெஸ்டிங்குக்குத் தனியாக ஒரு போன் வேண்டுமா?

பதில்: தாராளமாகச் செருகுங்கள், ஒன்றும் ஆகாது. மேக்கில் ஆப் எழுத உதவும் ஆப்பிளின் மென்பொருளான எக்ஸ்கோடு உங்கள் ஆப்பை மட்டும்தான் போனில் ஏற்றும், பாட்டு லைப்ரரி பக்கமே போகாது. அழிந்துவிடும் என்ற பயம் எங்கிருந்து வருகிறது என்றால், ஒரு ஐபோன் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கணினியின் மியூசிக் லைப்ரரியோடுதான் சிங்க் ஆகும். மேக்கில் ஃபைல்களைப் பார்க்கிற ஃபைண்டரில் போய் மியூசிக் சிங்க்கை நீங்களே ஆன் செய்தால், 'இது வேறு லைப்ரரியோடு சிங்க் ஆகியிருக்கிறது, அழித்துவிட்டு சிங்க் செய்யவா' என்று கேட்கும். அங்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான்.

முதல் தடவை செருகும்போது இந்தக் கணினியை நம்பலாமா என்று போன் கேட்கும், சரி என்று சொல்லி பாஸ்கோடு போடுங்கள். ஐஓஎஸ் 16 முதல் டெவலப்பர் மோட் என்று ஒன்று உண்டு, நீங்களே எழுதிய ஆப்பைப் போனில் ஓட்ட அது ஆனில் இருக்க வேண்டும். செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் அதை ஆன் செய்தால் போன் ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகும். காசு கட்டாத சாதாரண ஆப்பிள் கணக்கே பழகுவதற்குப் போதும், ஆனால் அதில் ஏற்றிய ஆப் 7 நாள்தான் திறக்கும். எட்டாம் நாள் திறக்கவில்லை என்றதும் எரிச்சலில் ஆப்பை டெலீட் செய்துவிடாதீர்கள், அதற்குள் சேர்த்துவைத்த டேட்டாவும் கூடவே போய்விடும். பழையதன் மேலேயே எக்ஸ்கோடிலிருந்து மறுபடி ரன் கொடுத்தால் டேட்டா அப்படியே இருக்கும்.

உண்மையில் பயப்பட வேண்டியது கேபிளைப் பார்த்து அல்ல, நீங்கள் எழுதப்போகும் புரோகிராமைப் பார்த்து. டூப்ளிகேட் நம்பர்களைக் களையெடுக்கிற ஆப் ஒன்று எழுதுகிறீர்கள், 'இப்படி இருந்தால் இதை அழி' என்கிற ஒரு இஃப் கண்டிஷனைத் தலைகீழாகப் போட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். கான்டாக்ட்ஸ் அனுமதியை நீங்களே கொடுத்திருப்பதால் போன் உங்களைத் தடுக்காது, இருக்கிற பெயரெல்லாம் காலி. அதோடு நிற்காது, ஐகிளவுட் சிங்க் ஆனில் இருந்தால் அந்த அழிப்பை உங்கள் ஐபேடுக்கும் மேக்குக்கும் அதுவே பொறுப்பாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். சிங்க் என்பது பேக்கப் அல்ல என்று இங்கேதான் பலருக்கு உறைக்கும். ஐகிளவுட் தளத்தில் பழைய கான்டாக்ட்ஸ் பட்டியலை மீட்க வழி இருக்கிறது, அழித்த படங்களும் 30 நாள்வரை குப்பைத்தொட்டியில் கிடக்கும், ஆனாலும் அந்த நிலைமைக்கு எதற்குப் போக வேண்டும்? இந்த மாதிரி புரோகிராமை முதலில் எக்ஸ்கோடோடு வரும் சிமுலேட்டரில், அதாவது மேக் திரையிலேயே ஓடும் போலி ஐபோனில், ஓட்டுங்கள்; அதில் ஆப்பிளே சில போலிப் பெயர்களைப் போட்டுவைத்திருக்கிறது, அழிந்தால் அழிந்துவிட்டுப் போகட்டும். கேமரா சிமுலேட்டரில் வேலை செய்யாது, அதற்குப் போன்தான் வேண்டும்.

அப்புறம் பீட்டா. புது ஐஓஎஸ் பீட்டாவை, அதாவது வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பை, மட்டும் இந்தப் போனில் ஏற்றாதீர்கள். பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டுமானால் போனை முழுக்க அழித்தாக வேண்டும், பீட்டாவில் எடுத்த பேக்கப்போ பழைய ஐஓஎஸ்ஸில் ஏறாது. ஏற்றித்தான் ஆக வேண்டும் என்று கை அரித்தால், அதற்கு முன்பே கணினியில் ஒரு முழு பேக்கப் எடுத்து ஆர்க்கைவ் செய்துவிடுங்கள். ஆர்க்கைவ் செய்யாவிட்டால் அடுத்த பேக்கப் அதன் மேலேயே எழுதிவிடும்.

தனி போன் இப்போதைக்குத் தேவையில்லை. பீட்டாவில் சோதித்தே ஆக வேண்டும் என்கிற கட்டம் வந்தால், அந்தப் பீட்டா ஓடக்கூடிய பழைய ஐபோன் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்குங்கள். அதில் உங்கள் சொந்த ஐகிளவுட் கணக்கைப் போடாமல், டெஸ்டிங்குக்கென்றே வேறொரு கணக்கு திறந்து போடுங்கள்.