42 மில்லிமீட்டரை எங்கே ஒளித்தீர்கள்?

கேள்வி: நான் சிவில் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு மாணவன். சர்வே பாடம் மனத்தில் ஏறவே இல்லை. சர்வே கேம்ப்பில் பெரும்பாலும் ஸ்டாஃப் என்கிற உயரமான அளவுகோலைப் பிடித்து நிற்பதுதான் என் வேலை. ஒரு கிலோமீட்டர் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்த லெவலிங் (புள்ளிகளின் உயர வித்தியாசத்தை அளப்பது) கணக்கு 42 மி.மீ. உதைத்ததால், எல்லாக் குழுக்களும் செய்வதுபோல ஒரு ரீடிங்கை மாற்றிச் சரிக்கட்டி ரெக்கார்டு எழுதினோம். இப்போது ஊரில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வரப்புத் தகராறு. ‘நீ படித்தவன்தானே, அளந்து சொல்’ என்கிறார் அப்பா. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. டிரோன் வந்துவிட்ட காலத்தில் இதையெல்லாம் கற்கத்தான் வேண்டுமா?

பதில்: தம்பி, டிரோன் எடுக்கும் படத்தை நம்ப வேண்டுமானால், தரையில் யாரோ ஒருவர் சில புள்ளிகளைச் சரியாக அளந்து தந்திருக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு இவ்வளவு போதும். என் கண்ணை உறுத்துவது, ‘ஒரு ரீடிங்கை மாற்றிச் சரிக்கட்டி’ என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருப்பதுதான்.

கருவியை ஓரிடத்தில் நிறுத்தி, உயரம் தெரிந்த புள்ளியில் முதலில் எடுக்கும் ரீடிங் பின்பார்வை; கருவியை நகர்த்தும் முன் கடைசியாக எடுப்பது முன்பார்வை. பின்பார்வைகளின் கூட்டுத்தொகையிலிருந்து முன்பார்வைகளின் கூட்டுத்தொகையைக் கழித்துப் பார்ப்பது உங்கள் கணக்கை மட்டுமே சோதிக்கும். களத்தில் நேர்ந்த பிழையைக் காட்டிக்கொடுப்பது, புறப்பட்ட பெஞ்ச்மார்க்குக்கே, அதாவது உயரம் தெரிந்த அந்தப் புள்ளிக்கே, திரும்பிவந்து எடுக்கும் அந்தக் கடைசி ரீடிங்தான். அந்த ஒரே சாட்சியின் வாயை நீங்கள் அடைத்துவிட்டீர்கள். சாதாரண வேலைகளில் ஒரு கிலோமீட்டருக்கு 24 மி.மீ. வரையிலான பிழையைப் பாடநூல்கள் பொறுத்துக்கொள்கின்றன. அதற்குள் இருந்தால் புள்ளிகளுக்குப் பகிர்ந்து, பகிர்ந்ததை எழுதியும் வைக்கலாம். 42 என்றால் மறுபடி நடக்க வேண்டும். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது மோதிச் சேதமடைந்த அரை டன் தியோடலைட் என்னும் கோணமளக்கும் கருவியை, இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கிய லாம்ப்டன் ஆறு வாரம் உட்கார்ந்து செப்பனிட்ட பிறகே அளவையைத் தொடர்ந்தார். உங்களுக்கு அரை நாள் நடக்க அலுப்பாக இருந்திருக்கிறது.

நடந்திருந்தால் பிழை உங்கள் கையிலேயே இருந்தது என்றுகூடத் தெரிந்திருக்கலாம். ஸ்டாஃப் மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு சாண் சாய்ந்தால் ரீடிங் ஏறக்குறைய 9 மி.மீ. கூடிவிடும். கருவியை இடம் மாற்றும் நேரத்தில் ஸ்டாஃப் ஈர மண்ணில் அழுந்தினாலோ, அதை எடுத்துத் தோளில் சாய்த்துவிட்டுப் பிறகு உத்தேசமாக ஓரிடத்தில் வைத்தாலோ, அதற்குப் பின் வரும் மட்டங்கள் அனைத்தும் தவறும். ஸ்டாஃப் பிடிப்பதை எடுபிடி வேலையாக நினைத்து நின்றவருக்குப் பாடம் எப்படி ஏறும்?

உங்கள் அப்பாவிடம் தெரியாது என்று சொல்வதில் ஒரு வெட்கமும் இல்லை. நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. மதிப்பெண்ணுக்காக 42 மில்லிமீட்டரை மறைத்த கை, நிலம் அரை அடி சித்தப்பாவுக்கே சேரும் என்று நாடா காட்டும்போது, எதிரே நிற்கும் அப்பாவின் முகத்தைப் பார்த்து எந்த எண்ணை எழுதும்? அப்பாவுக்குச் சாதகமாகக் கோட்டை நகர்த்துவதே மகனின் கடமை என்று நம்பிய குடும்பங்களில், உடன்பிறந்தவன் வீட்டுச் சாவுக்குக்கூடப் போகாமல் இருந்தவர்களை நான் அறிவேன். ஃபீஸ் கட்டிப் படிக்கவைத்த அப்பாவுக்கு நீங்கள் தர வேண்டியது உள்ளபடியான அளவு. சித்தப்பாவுக்கும் அதையேதான் தர வேண்டும்.

ஊருக்குப் போகும் முன் உங்கள் குழுவைக் கூட்டிக்கொண்டு, ஆசிரியரிடம் நடந்ததைச் சொல்லி, அதே ஒரு கிலோமீட்டரை மறுபடி லெவல் எடுங்கள். இம்முறை கருவியின் பின்னால் நீங்கள் நில்லுங்கள். நிலத்தைப் பொறுத்தவரை ஒரு மாணவர் அளந்ததற்குச் சட்ட மதிப்பு கிடையாது. அரசிடம் நில அளவைக்கு மனுக் கொடுத்துக் கட்டணம் செலுத்த அப்பாவிடம் சொல்லுங்கள். அரசு சர்வேயர் வந்து அளக்கட்டும். அதற்குள் எஃப்.எம்.பி. என்னும் புல வரைபடத்தின் நகல் ஒன்றை எடுத்து, அப்பாவையும் சித்தப்பாவையும் ஒரே நேரத்தில் வயலுக்கு அழைத்துப்போய், வரப்புக்குள் புதைந்து கிடக்கும் எல்லைக்கற்களை மண்வெட்டியால் தேடி வெளியே தெரியவையுங்கள். சர்வேயர் வரும் நாளில் நாடாவின் ஒரு முனையை நீங்கள் பிடியுங்கள், சித்தப்பா பக்கம் நின்று.