‘யாரும் பேசவில்லை’ என்று தம்பியிடம் வாதாட வேண்டாம்

கேள்வி: 22 வயதான என் தம்பி, பக்கத்து வீட்டார் சுவருக்கு அப்பாலிருந்து தன்னைப் பற்றியே பேசுவதாகச் சில மாதங்களாகச் சொல்கிறான். இரவில் தூங்குவதே இல்லை. மருத்துவர் இதைச் சைக்கோசிஸ் (எது நிஜம், எது மனத்தோற்றம் என்று பிரித்தறிய முடியாமல் போகும் மனநலப் பாதிப்பு) என்கிறார். ‘யாரும் பேசவில்லை’ என்று அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டார்; சண்டைதான் மிஞ்சுகிறது. மாத்திரையும் வேண்டாம் என்கிறான். அவனுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: அன்புச் சகோதரி, அந்த வாதத்தை இன்றோடு நிறுத்திவிடும்படி அப்பாவிடம் சொல்லுங்கள். தம்பி கதை கட்டவில்லை. குரல் கேட்கும் வேளையில், பேச்சைக் கேட்டு உணரும் மூளைப் பகுதிகள் இயங்குவதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே, நீங்கள் பேசுவது அப்பாவுக்கு எவ்வளவு தெளிவாகக் கேட்கிறதோ, அவ்வளவு தெளிவாக அந்தக் குரல் தம்பிக்குக் கேட்கக்கூடும். எதைக் கவனிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று உணர்த்துவதில் பங்குள்ள டோபமைன் என்ற வேதிப்பொருள் மூளையில் மிகையாகச் செயல்படும்போது, வெளியே யாரோ இருமுவதுகூடத் தனக்கு விடுக்கப்பட்ட சைகையாகத் தோன்றிவிடுகிறது. தனக்கு நோய் இருப்பதை உணர முடியாமையும் இந்நோயின் அறிகுறிதான். அது பிடிவாதம் அன்று.

அதற்காக, ‘ஆமாம், எனக்கும் கேட்கிறது’ என்று ஒத்துப்பாடவும் கூடாது. குரல் உண்மையா பொய்யா என்ற பேச்சை விட்டுவிட்டு, அவருடைய பயத்துக்குப் பதில் சொல்லுங்கள். ‘எனக்கு அது கேட்கவில்லை, ஆனால் உனக்குக் கேட்கிறது, நீ பயந்துபோயிருக்கிறாய் என்று தெரிகிறது. கொஞ்ச நேரம் உன் பக்கத்தில் உட்காரட்டுமா?’ இவ்வளவு போதும். எல்லோரும் சூழ்ந்துகொள்ளாமல், ஒருவர் மட்டும், தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, தணிந்த குரலில் பேசுங்கள்.

1950-களின் பிற்பகுதியில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் தொடங்கிவைத்த ஆய்வுகள், ஓயாத குறைகூறலும் கடுகடுப்பும், அளவுமீறிப் பொத்திப் பாதுகாப்பதும் மிகுந்த வீடுகளுக்கு மருத்துவமனையிலிருந்து திரும்பியவர்களிடம் நோய் மீண்டும் தலைதூக்குவது அதிகம் என்று காட்டின. நோய் குடும்பத்தால் வந்தது என்று இதற்குப் பொருளில்லை. அந்தக் குற்றவுணர்வை நீங்கள் யாரும் சுமக்க வேண்டாம்.

மாத்திரைப் பேச்சை ‘உனக்கு நோய்’ என்று தொடங்காதீர்கள். தூக்கமின்மை அவருக்கே தொல்லையாக இருக்கும். அதற்காக மருத்துவரைப் பார்க்கலாம் என்று அழைத்தால் வரக்கூடும். முன்பே மாத்திரை சாப்பிட்டிருந்தால், உடல் கனத்ததா, கை நடுங்கியதா, பகலெல்லாம் மந்தமாக இருந்ததா என்று கேளுங்கள். மறுப்புக்கு அதுவே காரணமாக இருந்தால், மருந்தையோ அளவையோ மருத்துவர் மாற்றித் தர வழியுண்டு. ஆனால், அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தன்னை ஏதோ செய்கிறார்கள் என்று அஞ்சிக்கொண்டிருப்பவரின் சந்தேகத்தை நாமே மெய்யாக்கிவிட்டால், பிறகு அவர் யார் கையிலிருந்தும் எதையும் வாங்கமாட்டார்.

தன்னையோ பிறரையோ காயப்படுத்தும்படி குரல் கட்டளையிடுவதாகச் சொன்னாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, அடுத்த சந்திப்புத் தேதிவரை காத்திருக்க வேண்டாம். தனியே விடாமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.