டென்னிஸ் எல்போ பெல்ட்: எதை வாங்குவது, எங்கே கட்டுவது?

கேள்வி: பரோட்டா கடையில் மாஸ்டராக இருக்கிறேன். வயது 43. இரண்டு மாதமாக வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி. மாவு பிசையும்போதும் வீசும்போதும் உயிர் போகிறது. டாக்டர் டென்னிஸ் எல்போ என்று சொல்லி பெல்ட் போடச் சொன்னார். மெடிக்கல் ஷாப்பில் முழங்கை முழுவதையும் மூடும் உறை ஒன்றைத் தந்தார்கள். போட்டும் பலனில்லை. மாற்றித் தரக் கேட்டால், பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள். இனி எதை வாங்குவது?

பதில்: நீங்கள் வாங்க வேண்டியது சுமார் இரண்டு மூன்று விரல் அகலமுள்ள பட்டை. உள்ளே ஒரு சிறு திண்டும், இறுக்க வெல்க்ரோவும் இருக்கும். கடையில் ‘டென்னிஸ் எல்போ சப்போர்ட்’ என்று கேளுங்கள். முழங்கையை மூடும் உறை கதகதப்பாக இருக்கும், லேசாக அழுத்தும். ஆனால் உங்கள் வலிக்குத் தேவையான இடத்தில் அது அழுத்தம் தராது.

மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கும் தசைகள், முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையில்தான் தசைநாணாக (தசையை எலும்போடு இணைக்கும் நார்) போய் ஒட்டுகின்றன. எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போதெல்லாம் அந்த ஒட்டும் இடம் இழுபடுகிறது. பட்டை அந்தத் தசையைக் கொஞ்சம் கீழேயே அழுத்திப் பிடித்து, இழுவை முழுவதும் மேலே போகாமல் குறைக்கிறது.

அதனால் பட்டையை வலிக்கும் எலும்பின் மேலேயே கட்டினால் பலன் இருக்காது. நிறையப் பேர் அப்படித்தான் கட்டுகிறார்கள், பாவம். முஷ்டியை மடக்கி மணிக்கட்டை மேலே தூக்குங்கள். முழங்கைக்கு இரண்டு விரல் கீழே, வெளிப்பக்கமாக ஒரு தசை புடைக்கும். திண்டு அதன் மேல் உட்கார வேண்டும். பட்டைக்குள் ஒரு விரல் நுழையும் அளவு இறுக்கம் போதும். விரல் மரத்தாலோ கை நிறம் மாறினாலோ உடனே தளர்த்திவிடுங்கள்.

பெரும்பாலான பட்டைகள் எல்லாருக்கும் ஒரே அளவுதான். அளவு கேட்டால் முழங்கையை அளக்காதீர்கள், பட்டை உட்காரும் இடத்தில் முன்கையின் சுற்றளவைச் சொல்லுங்கள். வாங்கும் முன் கடையிலேயே கட்டிப் பார்க்கக் கேளுங்கள். உள்ளங்கை கீழே பார்த்தபடி ஒரு தண்ணீர் பாட்டிலைப் பிடித்துத் தூக்குங்கள், பட்டை இல்லாமல் ஒரு முறை, கட்டிக்கொண்டு ஒரு முறை. வலி குறைகிறதா என்பது அப்போதே ஓரளவு தெரிந்துவிடும். சற்று மேலே கீழே நகர்த்தியும் வித்தியாசமே இல்லையென்றால் வாங்காதீர்கள். சில நூறு ரூபாய் பட்டையே போதும்.

உங்கள் தொழிலில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெல்க்ரோவில் மாவும் எண்ணெயும் ஏறினால் பிடிப்பு போய்விடும். எளிதாகத் துவைக்கக்கூடியதாக, துணி போலக் காற்றோட்டமுள்ளதாகப் பாருங்கள். நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் வகை, அடுப்புச் சூட்டு வியர்வையில் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும். கல்லுக்கு முன் நிற்கும்போது கட்டுங்கள், வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். தூங்கும்போது வேண்டாம்.

சரி, பழைய உறை? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். ரசீதில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள் அவர்கள் இதைச் செய்ய வேண்டும். உங்கள் உறையில் தையல் பிரிந்திருந்தாலோ வெல்க்ரோ ஒட்டாவிட்டாலோ இது பொருந்தும். பொருள் நன்றாகவே இருந்து, வகைதான் மாறிப்போயிருந்தால் வற்புறுத்துவது கடினம். தன்மையாகக் கேட்டுப் பாருங்கள். இனி ரசீது வாங்காமல் வராதீர்கள். குறையுள்ள பொருளுக்கும் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

பட்டை வேலை நேரத்து வலியைத்தான் தணிக்கும். தசைநாண் தேற உடற்பயிற்சி வேண்டும். முன்கையை மேசையில் வைத்து, கை ஓரத்தில் தொங்க, உள்ளங்கை கீழே பார்க்கட்டும். அரைக்கிலோ எடையைப் பிடித்து, மறு கையால் தூக்கிவிட்டு, வலது கையால் மட்டும் மெல்ல இறக்குங்கள். எத்தனை முறை, எப்போது எடை கூட்டுவது என்பதை பிசியோதெரபிஸ்டிடம் ஒரு தடவையாவது கேட்டுவிடுங்கள். அந்தக் கட்டணம் விலை உயர்ந்த பெல்ட்டைவிட நல்ல செலவு. மாவு வீசுவதை இன்னொருவரோடு முறைவைத்துக்கொள்ள முடியுமா என்று முதலாளியிடம் பேசுங்கள். பாத்திரத்தை உள்ளங்கை மேலே பார்க்கும்படி தூக்குங்கள். பலருக்கும் வலி முழுதாக அடங்க மாதங்கள் ஆகும், பொறுமை வேண்டும்.

கேள்வி: எனக்கும் இதே வலி. காந்தம் வைத்த பட்டை, செம்பு கலந்த பட்டை என்று ஆன்லைனில் விற்கிறார்களே? இல்லை, ஊசியே போட்டுக்கொள்ளலாமா?

பதில்: காந்தமோ செம்போ இந்த வலியைக் குறைக்கும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. அதற்காகக் கூடுதல் பணம் தராதீர்கள். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நன்றாகக் கேட்கும், அப்புறம்தான் சிக்கல். 2013-ல் ஆஸ்திரேலியாவில் 165 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு வருடத்துக்குள் வலி திரும்பியவர்கள் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 54 சதவீதம், மருந்தில்லாத வெறும் போலி ஊசி போட்டவர்களில் 12 சதவீதம். டாக்டர் ஊசி சொன்னால் இதைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். விரல்களை நிமிர்த்த முடியாமல் போனாலோ, மரத்துப்போனாலோ, முழங்கை வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ பட்டையை நம்பி நாள் கடத்தாமல் டாக்டரிடம் போங்கள்.