கால் எரிச்சலுக்குக் கண்ணில் பரிசோதனையா? கேள்வி பதில்

கேள்வி: 11 வருடமாகச் சர்க்கரை. ராத்திரி படுத்தால் பாதம் எரிகிறது. நரம்புக்கு கரண்ட் வைத்துப் பார்த்து நார்மல் என்கிறார்கள். கண்ணில் பார்த்தால் தெரியுமாமே?

பதில்: தெரிய வாய்ப்பு உண்டு. கரண்ட் சோதனை தடித்த நரம்பிழைகளைத்தான் அளக்கும். எரிச்சல், வலி, சூடு ஆகியவற்றைக் கொண்டுபோவது மெல்லிய இழைகள். சர்க்கரையில் பெரும்பாலும் முதலில் அடிபடுவதும் அவைதான். நார்மல் ரிப்போர்ட்டைக் காட்டி உங்கள் எரிச்சலைப் பிரமை என்று யாரும் தள்ளக் கூடாது. மெல்லிய இழைகளைப் பார்க்க, கணுக்காலுக்கு 10 செ.மீ. மேலே 3 மி.மீ. தோல் எடுப்பது வழக்கம். கண்ணின் முன்புறம் இருக்கும் கார்னியாவிலும் இதே வகை இழைகள் உண்டு. அது கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதால் வெட்டாமலே கான்ஃபோகல் மைக்ராஸ்கோப்பில் (ஒவ்வொரு ஆழத்தையும் தனித்தனி அடுக்காகக் காட்டும் கருவி) பார்த்துவிடலாம். மான்செஸ்டரில் ரயாஸ் மாலிக் குழுவினர் 2003லேயே சர்க்கரை நோயாளிகளிடம் இதைக் காட்டினார்கள்.

கேள்வி: வருடாவருடம் விழித்திரை ஃபோட்டோ எடுக்கிறேனே, போதாதா?

பதில்: போதாது. அது கண்ணின் பின்பக்கம் ரத்தக்குழாய்க் கசிவைப் பார்ப்பதற்கு. இதற்காக அதை விட்டுவிடவும் கூடாது.

கேள்வி: நான் கண் டெக்னீஷியன். இந்தச் சோதனைக்கு எங்களிடம் இருக்கும் கருவி ஹைடல்பெர்க் எச்ஆர்டி 3, அதில் கார்னியா பார்க்கும் ராஸ்டாக் மாட்யூல். படத்தில் பாதிவரை இழை தெரிகிறது, மீதி மங்கிவிடுகிறது. ஏன்?

பதில்: லென்ஸ் சாய்ந்து தொடுகிறது, ஒரே படத்தில் இரண்டு அடுக்குகள் விழுகின்றன. மரப்புச் சொட்டு விட்டபின், கண்ணைத் தொடும் லென்ஸ் மூடியின் உள்ளே லென்ஸ் பக்கமும் வெளியேயும் ஜெல் வையுங்கள். குமிழி இருக்கக் கூடாது. மறு கண்ணால் விளக்கையே பார்க்கச் சொல்லுங்கள். மேற்பரப்பில் ஆழத்தைப் பூஜ்யமாக்கி மெல்ல உள்ளே போங்கள். சுமார் 50 மைக்ரானில், நெருக்கமான சின்னச் செல்கள் மறைந்ததும் வெள்ளைக் கம்பிகள் இணையாக ஓடும். அங்கேயே நில்லுங்கள். புள்ளிபுள்ளியாகச் செல்களின் வெளிச்சக் கருக்கள் வந்தால் தாண்டிவிட்டீர்கள். கறுப்புக் கோடுகள் வந்தால் அழுத்தம் அதிகம்.

ஒரு படம் 400 மைக்ரான் சதுரம்தான். ஆகவே நடுக் கார்னியாவில் ஒன்றன்மேல் ஒன்று படியாத 5 முதல் 8 படங்கள் வேண்டும். இழை அடர்ந்த படங்களாகப் பொறுக்கினால் நோய் மறைந்துவிடும். பெரும் தவறு நடப்பது இங்கேதான். கீழே சுழிபோல இழைகள் கூடும் இடத்தை இதோடு கலக்காதீர்கள்.

கேள்வி: போன வருடக் கார்னியா இழை அளவைவிட இந்த வருடம் குறைந்திருக்கிறது. மோசமாகிவிட்டதா?

பதில்: இரண்டையும் ஒரே முறையில் எண்ணினார்களா என்று முதலில் கேளுங்கள். ஒரு சதுர மி.மீ.க்கு இத்தனை மி.மீ. இழை என்பதே முக்கிய அளவு. கையால் கோடு இழுப்பதைவிடத் தானியங்கி மென்பொருள் மங்கலான இழைகளை விட்டுவிட்டுக் குறைவாகவே காட்டும்.

கேள்வி: குறைந்தால் சர்க்கரைதான் காரணமா? எனக்கு லேசிக் (கண்ணாடி பவரை நீக்கும் லேசர் சிகிச்சை) ஆகியிருக்கிறது.

பதில்: லேசிக்கில் இந்த இழைகளே வெட்டுப்படுகின்றன, உங்கள் இழை அளவை வைத்துக் காலைப் பற்றிச் சொல்ல முடியாது. கண் வறட்சி, ஹெர்பிஸ் புண், கீமோ மருந்துகள், எச்ஐவி ஆகியவையும் குறைக்கும். அதனால் ரத்தத்தில் வைட்டமின் பி12, காலில் தொடு உணர்வைப் பார்க்கும் 10 கிராம் நைலான் இழைச் சோதனை இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கேள்வி: போன இழை திரும்ப வளருமா?

பதில்: வளரும். கணையமும் சிறுநீரகமும் சேர்த்து மாற்றியவர்களிடம் 6 மாதத்திலேயே கார்னியாவில் புது இழைகள் தெரிந்தன.

கேள்வி: இந்தக் கண் பரிசோதனை வலிக்குமா?

பதில்: வலிக்காது. மரப்பு போகும்வரை, அரை மணி நேரம், கண்ணைத் தேய்க்காதீர்கள். கீறினாலும் உணர மாட்டீர்கள்.